ஆழ்மனம் படிக்க யார் பணம் தருவார்?

இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் உளவியல்

"மனசப் படிக்கிறதுக்கு எவன்டி காசு குடுப்பான்?"

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் என் அம்மா கேட்ட கேள்வி இது. களை பறித்துவிட்டு வந்து திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பட்டம் முடித்த பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று பேச்சு வந்தது. ஆழ்மன உளவியல் படித்து, அதில் ஆராய்ச்சி செய்ய ஆசை என்றேன். என் பெரியம்மா மகன் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலைக்குப் போகிறான். மாமா மகள் செவிலியர் படிப்பு. இவற்றையெல்லாம் அம்மா அறிவார். மனத்தைப் படிப்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கேலியாக அவர் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். ஆகையால் விடையைத் தேட வேண்டிய பொறுப்பும் என்னுடையதே ஆயிற்று. இக்கட்டுரை அம்மாவுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில் எனக் கொள்ளலாம்.

முதலில் ஆழ்மன உளவியல் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் அறிந்து நினைப்பது, அறிந்து பேசுவது ஆகியவற்றுக்கு அடியில் நாம் அறியாத மனம் ஒன்று வேலை செய்கிறது என்பதே இத்துறையின் அடிப்படை. வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு அதற்கு வழி வெட்டினார். அவரோடு சில ஆண்டுகள் சேர்ந்து உழைத்து, 1913-ஆம் ஆண்டில் பிரிந்து சென்றவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங். பிராய்டு கண்ட நனவிலி பெரும்பாலும் தனி மனிதர் ஒருவர் அடக்கிவைத்த ஆசைகளின் இருப்பிடம். யுங் அதற்கும் அடியில் மனித குலத்துக்கே பொதுவான ஒரு தளம் இருப்பதாகக் கருதினார். அத்தளத்திலிருந்து கனவிலும் கதையிலும் சமயச் சடங்கிலும் திரும்பத் திரும்பத் தோன்றும் வடிவங்களைத் தொல்படிமங்கள் என்கிறோம். தாய், நிழல், முதுபெரும் அறிஞர், வீரன் ஆகியவை அவற்றுள் சில. இதற்கான ஐரோப்பியச் சொல்லை யுங் 1919-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கையாண்டார்.

என் ஆயா சொல்லும் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரக்கன் ஒருவனை எப்படி வெட்டினாலும் சாகமாட்டான். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அவன் உயிர். உங்கள் ஊரிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். ருசிய நாட்டில் கொஷ்சேய் என்றொரு கொடியவன் கதை உண்டு. அவன் உயிர் ஓர் ஊசியில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். என் ஆயா வேலூருக்கு அப்பால் போனதில்லை. ருசியப் பாட்டிக்கு எங்கள் ஊர்ப் பெயர் கூடத் தெரிந்திருக்காது. பிறகு இருவர் வாயிலும் ஒரே கதை எப்படி வந்தது? மனத்தின் அமைப்பே அப்படி என்பார் யுங். வணிகரோடும் படைகளோடும் கதைகள் நாடு விட்டு நாடு நடந்தன என்பர் நாட்டார் கதை ஆராய்ச்சியாளர் பலர். பொது நனவிலியைச் சோதனைச் சாலையில் நிறுத்திச் சோதிக்க முடியாது. ஆகவே அதனை அறிவியல் என்று ஏற்க இயலாது என்று வாதிடும் உளவியலாரும் உண்டு. நான் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய வேண்டுமானால் படிக்க வேண்டும். படிக்க வேண்டுமானால் பணம் வேண்டும். அம்மாவின் கேள்விக்கே திரும்பி வந்துவிட்டேன்!

எங்கள் பாடத்திட்டத்தில் யுங்குக்கு ஒதுக்கிய இடம் சிறிது. பேராசிரியை ஒருவர் அவருடைய தன்வரலாற்று நூலின் தம் சொந்தப் படியை எனக்குக் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். கனவுகளையும் கொள்கைகளையும் எதிர்பார்த்துத் திறந்த நூலில், என் கண்ணை நிறுத்தியது பணத்தைப் பற்றிய பகுதிதான்.

யுங்கின் தந்தை பாசல் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் வருமானம் குறைந்த பாதிரியார். மகன் 1895-ஆம் ஆண்டில் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது, தந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். அதுவும் கிடைத்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தந்தை காலமானார். படிப்பை விட்டுவிட்டு ஏதாவது கடையில் எழுத்தர் வேலைக்குப் போகும்படி உறவினர் சிலர் சொன்னார்கள். (இந்த வரியைப் படித்தபோது சிரித்துவிட்டேன். உறவினர்கள் எல்லா நாட்டிலும் ஒரே தொல்படிமம்தான் போலும்.) தாய்க்கு அவர் தம்பி உதவினார். தந்தை வழி உறவினர் ஒருவர் யுங்குக்குக் கடன் கொடுத்தார். படிப்பு முடிந்தபோது அந்தக் கடன் 3,000 பிராங்க். மீதிக்கு வயதான அத்தை ஒருவரின் பழம்பொருள்களை விற்றுக்கொடுத்துத் தரகு பெற்றார். இளநிலை உதவியாளர் வேலையும் பார்த்தார். யாரோ பரிசாகக் கொடுத்த ஒரு பெட்டிச் சுருட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று கணக்கு வைத்து ஓராண்டு முழுவதும் புகைத்தாராம்.

அவரையும் நம்மைப் போல் 'முதல் பட்டதாரி' என்று உரிமை கொண்டாட முடியாது. தந்தை முனைவர் பட்டம் பெற்றவர். தாத்தா அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். வீட்டில் புத்தகம் இருந்தது. பணம் இல்லை, அவ்வளவே. ஆனால் உதவித்தொகை கிடைத்தபோது தமக்கு ஏற்பட்ட வெட்கத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது எந்த வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். வறுமை ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்பது அந்த வெட்கத்துக்குப் பெரிய காரணமாக இல்லை. மேலிடத்தில் இருப்பவர் எல்லாரும் தம்மேல் பகை கொண்டவர்கள் என்று அவர் உள்ளூர நம்பியிருந்தார். அவர்களே உதவித்தொகை கொடுத்துவிட்டார்கள்! தாம் நினைத்தது பொய் என்று தெரிந்ததில்தான் வெட்கம்.

இந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். நான் படித்த பள்ளியொன்றில் ஆண்டுதோறும் "ஸ்காலர்ஷிப் வாங்குற பிள்ளைங்க எழுந்திருங்க" என்று வகுப்பில் சொல்வார்கள். எழுந்து நிற்போம். பெயர் எழுதி முடிக்கும் வரை நிற்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில், உட்கார்ந்திருப்பவர் முதுகு எல்லாம் என்னைப் பார்ப்பது போல இருக்கும். அதன் பிறகு எந்த அலுவலகச் சன்னலில் நின்றாலும் உள்ளே இருப்பவர் என்னை இளக்காரமாக நினைக்கிறார் என்றே எனக்குத் தோன்றும். கல்லூரி அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இருக்கிறார். விண்ணப்பம் கொடுத்தால் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போடுவார். அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. முதலாண்டில் ஒரு நாள், நல்ல வெயிலில், பேருந்து நிறுத்தம் வரை அவர் வேகமாக நடந்து வந்தார். "ஏம்மா, உன் பேங்க் கணக்குல ஆதார் சேரலை. நாளைக்குத்தான் கடைசி நாள். இப்பவே பேங்குக்குப் போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் பெயர் கூட அன்று வரை எனக்குத் தெரியாது. என் பெயரும் கணக்கும் அவருக்குத் தெரிந்திருந்தன. நம் உள்ளத்தில் இருப்பதை வெளியே இருக்கும் ஒருவர்மேல் ஏற்றிப் பார்ப்பதைப் புறத்தேற்றம் என்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். பொருள் தெரிந்தது யுங்கின் உதவித்தொகைப் பக்கத்தைப் படித்தபோதுதான்.

யுங் கடைசி வரை ஏழையாக இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. 1903-ஆம் ஆண்டில் அவர் மணந்த எம்மா, ஷாப்ஹவுசன் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலை உரிமையாளரின் மகள். பிற்காலத்தில் யுங் பிராய்டை விட்டுப் பிரிந்து, பல்கலைக்கழக ஆசிரியப் பணியையும் துறந்து, தம் கனவுகளையும் மனக்காட்சிகளையும் ஆண்டுக் கணக்கில் எழுதியும் வரைந்தும் வைக்க முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் எம்மாவின் சொத்து இருந்தது. அமெரிக்க எண்ணெய் அரசர் ராக்பெல்லரின் மகள் எடித் மெக்கார்மிக் 1913-ஆம் ஆண்டு முதல் சூரிச் நகரில் யுங்கிடம் சிகிச்சை பெற்றார். 1916-ஆம் ஆண்டில் உளவியல் மன்றம் அமையவும், யுங்கின் எழுத்து ஆங்கிலத்தில் வரவும் அந்த அம்மையார் பணம் கொடுத்தார். அப்போது சூரிச்சில் வறுமையில் இருந்த எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்சுக்கும் மாதந்தோறும் பணம் அளித்து வந்தார். 1919-ஆம் ஆண்டில் அது திடீரென்று நின்றது. யுங்கிடம் மனப்பகுப்பு செய்துகொள்ள ஜாய்ஸ் மறுத்ததுதான் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. உதவி செய்பவர் கையில் கயிறும் இருக்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆழ்மன உளவியலையும் தொல்படிமங்களையும் படிப்போருக்கும் உதவித்தொகை வழங்கிய நிறுவனம் ஒன்று உலகில் இருந்தது என்றால் வியப்பாக இல்லையா? அதன் பெயர் பொலிங்கன் நிறுவனம். சூரிச் ஏரிக்கரையில் யுங் தம் கையால் கல் அடுக்கிக் கோபுரம் கட்டிய சிற்றூரின் பெயர் அது. அமெரிக்க வங்கிச் செல்வர் ஆண்ட்ரூ மெலனின் மகன் பால் மெலனும், அவர் மனைவி மேரியும் 1937-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் யுங்கின் பேச்சைக் கேட்டனர். மேரிக்குக் கடுமையான ஆஸ்துமா. மனத்தின் வழியே அது தீருமா என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. இருவரும் சூரிச் சென்று யுங்கிடம் பயின்றனர். 1942-ஆம் ஆண்டில் நிறுவனத்தைத் தொடங்கினர். போர்க்காலத்தில் அயல்நாட்டுத் தொடர்பு சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும் என்ற அச்சத்தால் அதே ஆண்டில் கலைத்தனர். 1945-ஆம் ஆண்டில் மீண்டும் அமைத்தனர். மறு ஆண்டே மேரி இறந்துபோனார், வயது 42. ஆஸ்துமா தீரவில்லை. பணி மட்டும் நின்றுவிடவில்லை. பால் மெலன் அதை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். யுங்கின் எழுத்து முழுவதும் இருபது தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது அந்தப் பணத்தால்தான். பொலிங்கன் வரிசை நூறு எண்களும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளுமாக வளர்ந்தது. 1943-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் நூல், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் போர்ச் சடங்கைப் பற்றியது. மாட் ஓக்ஸ் என்ற பெண்மணி அம்மக்களிடையே தங்கி அதைக் குறித்துக்கொண்டு வந்தார்.

அந்நூலுக்கு விளக்கவுரை எழுதியவர் ஜோசப் கேம்பல். அவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகையில் 1927-ஆம் ஆண்டில் பாரிசுக்கும் பிறகு மியூனிக் நகருக்கும் சென்றார். இடைக்கால ஐரோப்பிய இலக்கியம் படிக்கப் போனவர், மியூனிக்கில் சமஸ்கிருதத்தையும் யுங்கையும் கண்டுகொண்டார். 1929-ஆம் ஆண்டில் ஊர் திரும்பி, புதிதாகக் கண்டவற்றையும் சேர்த்துப் படிக்கிறேன் என்றார். பல்கலைக்கழகம் இசையவில்லை. முனைவர் பட்டமே வேண்டாம் என்று விலகிவிட்டார். அந்நேரம் பார்த்து அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. யாருக்கும் வேலை இல்லை. வாத்தியக் குழுவில் சாக்சபோன் வாசித்துச் சேர்த்த பணத்தை வைத்துக்கொண்டு, காட்டோரம் ஒரு குடிசையை வாடகைக்குப் பிடித்து ஐந்தாண்டு படித்தார். மேசை இழுப்பறையில் ஒரே ஒரு டாலர் நோட்டு இருக்குமாம். அது இருக்கும் வரை நான் ஓட்டாண்டி இல்லை என்று நினைத்துக்கொள்வாராம். பின்னாளில் அவர் எழுதிய 'ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்' நூலை 1949-ஆம் ஆண்டில் பொலிங்கன் வெளியிட்டது. இது வீரக் கதைதான். ஆனால் எங்கள் வீட்டில் நடக்கக்கூடிய கதை இல்லை. ஐந்தாண்டு ஒருவர் வேலைக்குப் போகாமல் படிக்கலாம் என்றால், அவரை நம்பி வீட்டில் வேறு யாரும் இல்லை என்று பொருள். எனக்குப் பின்னே பத்தாம் வகுப்பில் ஒரு தம்பி இருக்கிறான்.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது இன்னொருவர் எழுதிய கடிதம். ருமேனியா நாட்டு மாணவர் மிர்ச்சா எலியாதே 1928-ஆம் ஆண்டில் ரோமாபுரி நூலகம் ஒன்றில் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் இந்தியத் தத்துவ வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார். முன்னுரையில், தமக்குப் பொருளுதவி செய்த காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்திக்குத் தாஸ்குப்தா நன்றி சொல்லியிருந்தார். நம்மில் எத்தனை பேர் நன்றியுரையைப் படிக்கிறோம்? எலியாதே படித்தார். படித்ததோடு நில்லாமல், தாஸ்குப்தாவிடம் இந்தியத் தத்துவம் பயில உதவ வேண்டும் என்று முன்பின் அறியாத அந்த மகாராஜாவுக்கே கடிதம் எழுதினார். சில மாதங்களில் பதில் வந்தது: உதவித்தொகை தருகிறேன், வா! அவ்வாண்டின் இறுதியில் அந்த இளைஞர் இலங்கை வழியாகச் சென்னை வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் தாஸ்குப்தாவைச் சந்தித்து, பிறகு கல்கத்தாவுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. என்னைவிட ஒரு வயது கூட. யோகம் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக்கும், சமய வரலாற்றில் அவர் பெற்ற புகழுக்கும் விதை வங்காளத்து மகாராஜா போட்டது. தொல்படிமம் என்ற சொல்லை அவரும் ஆண்டார். ஆனால் ஆதியில் தெய்வங்களும் முன்னோரும் செய்துகாட்டிய முன்மாதிரி என்ற பொருளில் ஆண்டார்; யுங்கின் பொருளோடு குழப்பக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். தாய்நாட்டில் 1930-களில் வெறுப்பு அரசியல் நடத்திய ஓர் இயக்கத்தை ஆதரித்து எழுதியது அவர்மேல் படிந்த கறை. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. போருக்குப் பின் பாரிசில் அகதியாக அல்லல்பட்டபோது, 1951-ஆம் ஆண்டில் அவருக்குக் கைகொடுத்ததும் பொலிங்கன் உதவித்தொகைதான்.

இன்று மகாராஜாக்கள் இல்லை. பொலிங்கன் வரிசையும் 1960-களின் இறுதியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் கைக்குப் போய்விட்டது. எனக்கு யார் தருவார்?

இப்போது தருவது அரசு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. என் பேருந்துச் செலவும் நோட்டுச் செலவும் அதில்தான். முதுகலை முடித்த பின் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வை உளவியல் பாடத்தில் எழுதலாம். இளநிலை ஆராய்ச்சியாளர் என்ற தகுதி கிடைத்தால், 2023-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து உயர்த்தப்பட்ட அளவின்படி, முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய். இந்தத் தொகையைச் சொன்னதும் அம்மா பறித்துக்கொண்டிருந்த முருங்கைக் கீரையை அப்படியே வைத்துவிட்டார்! அந்தத் தேர்வில் யுங் ஓரமாகத்தான் வருவார். புள்ளியியலும் மூளையின் அமைப்பும் முன்னால் நிற்கும். தேறிவிட்டால், நெறியாளர் இசைந்தால், தொல்படிமத்தைத் தலைப்பாக எடுக்கத் தடை இல்லை. தமிழ் இலக்கியம் படிப்போருக்கும் வழி உண்டு. தொல்படிமத் திறனாய்வு என்ற பெயரில் அவர்கள் இதை முன்பே படித்து வருகிறார்கள்.

வெளிநாடு என்றால் இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகம் யுங் பற்றிய முதுகலைப் படிப்புக்குப் பேர்போனது. சூரிச்சில் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட யுங் நிறுவனம் இருக்கிறது. அங்கே மனப்பகுப்பாளர் ஆக விரும்புவோர் தாமும் பல மணி நேரம் மனப்பகுப்புக்கு உட்பட வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் இனத்தவர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் கூலித் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கானது. நிலமற்ற கூலித் தொழிலாளி என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. ஆனால் 2022-ஆம் ஆண்டில் வந்த விதிகளில் ஒரு வரி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளை இந்த உதவித்தொகையில் வெளிநாட்டில் ஆராயக் கூடாது என்பதே அது. அவற்றை உள்நாட்டிலேயே நன்றாகப் படிக்கலாமே என்று காரணம் சொல்கிறார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். என்றாலும், கொஷ்சேய் கதைக்குப் பணம் உண்டு, ஆயாவின் கிளிக் கதைக்கு இல்லை என்றாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே கேள்வியே பிறக்கிறது? ஜாய்சின் கயிறு நினைவுக்கு வருகிறது.

போன மாதம் வருமானச் சான்றுக்கு அம்மாவை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். வரிசையில் நிற்கும்போது எலியாதேவின் கடிதக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "அந்த ராஜா அவன் என்ன சாதி, எந்த ஊருன்னு கேக்கலையா?" என்றார். கேட்டதாக எங்கும் படிக்கவில்லை என்றேன். "அப்ப நீயும் யாருக்காச்சும் எழுது" என்றார்.

யாருக்கு எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆயாவிடம் கிளிக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லி, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் கூண்டின் நிறம் மாறியது. கிளி மாறவில்லை. மூன்றையும் தனித்தனியே எழுதி, சொன்ன தேதியையும் போட்டு வைத்திருக்கிறேன்.